‘அதே நேரத்தில்’ என்றால் எந்த நேரத்தில்?

வில்லிவாக்கத்தில் ஒரு தையல் கடைக்கு மேல் மாடி அறையில், வாரத்துக்கு மூன்று நாள் மாலையில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். வருகிற எல்லாரும் பகலில் வேலைக்குப் போகிறவர்கள். கத்திரி வெயில் சமயம், இரண்டு ஃபேனும் அனலையே வீசிக்கொண்டிருந்த ஒரு நாள், போர்டில் இப்படி எழுதினேன்: ‘ஐ லவ் சென்னை, பட் அட் த சேம் டைம் ஐ ஹேட் த ஹீட்.’

கால் டாக்ஸி ஓட்டுகிற தம்பி ஒருவர் கையைத் தூக்கினார். “சார், ‘அட் த சேம் டைம்’னா அதே நேரத்துலன்னுதானே அர்த்தம்? எந்த நேரத்துல சார்? ஊர் பிடிக்குது, வெயில் பிடிக்கல. இதுல டைம் எங்க வருது?”

அன்றைக்கு மீதி வகுப்பு முழுக்க அந்தக் கேள்வியோடுதான் போனது. அவ்வளவு நல்ல கேள்வி அது.

நேரத்தை நிஜமாகவே சொல்லுகிற வாக்கியத்தை முதலில் பார்க்கலாம். ‘குக்கர் விசில் அடித்தது, அதே நேரத்தில் காலிங் பெல்லும் அடித்தது.’ இங்கே இரண்டு சம்பவங்கள். இரண்டுக்கும் ஒரு கணம் உண்டு. “எத்தனை மணிக்கு?” என்று கேட்டால் ஏழே கால் என்று பதில் சொல்லலாம். ஆங்கிலத்திலும் இப்படித்தான்: ‘த ஃபோன் ராங், அண்ட் அட் த சேம் டைம் சம்ஒன் நாக்ட்.’ போன் அடித்ததும் கதவைத் தட்டியதும் ஒரே கணத்தில்.

ஊரைப் பிடிப்பதும் வெயிலைப் பிடிக்காததும் சம்பவங்கள் இல்லை, நிலைகள். நிலை என்பது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நீண்டு கிடப்பது. ஒரு மனுஷருக்குள் நூறு நிலைகள் ஒன்றோடொன்று சேர்ந்தேதான் இருக்கும். அதனால் ‘இவை இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை’ என்று ஒருவர் சொன்னால், நேரத்தைப் பற்றிப் புதிதாக எதுவும் சொல்லிவிடவில்லை.

அர்த்தம் இடம் மாறுவது இந்த இடத்தில்தான். பேசுகிறவர் ஒரு வார்த்தையையும் வீணாகச் சொல்ல மாட்டார் என்ற நம்பிக்கையோடுதான் நாம் எதையும் காதில் வாங்குகிறோம். தத்துவ அறிஞர் பால் கிரைஸ் 1967இல் ஹார்வர்டில் ஆற்றி, 1975இல் அச்சில் வந்த உரையின் அடிப்படை இதுதான். நேரத்தைச் சொல்லத் தேவையே இல்லாத இடத்தில் ஒருவர் நேரத்தைச் சொன்னால், கேட்கிறவர் மனசு வேறு காரணத்தைத் தேடும். ‘இவை சேர்ந்து இருப்பதை ஏன் எடுத்துச் சொல்கிறார்? சேர்ந்து இருக்காது என்று நான் நினைத்துவிடுவேன் என்பதற்காக இருக்கும்.’ இந்தக் கணக்கைக் கண் இமைக்கும் நேரத்தில் போட்டுவிடுகிறோம். நேரத்தைக் குறித்த தொடர் முரணைக் குறிக்கிற தொடராகிவிடுகிறது.

சோதித்துப் பார்ப்பது சுலபம். ‘எனக்கு இட்லி பிடிக்கும், அதே நேரத்தில் தோசையும் பிடிக்கும்’ என்று சொல்லிப் பாருங்கள். என்னமோ இடிக்கிறது. இட்லிக்கும் தோசைக்கும் பகை கிடையாது. அதனால் அந்தத் தொடருக்கு வேலை இல்லை. ‘தோசை பிடிக்கும், அதே நேரத்தில் எண்ணெய் ஆகாது’ என்றால் உடனே பொருந்திவிடுகிறது.

இன்னொரு சோதனை, ‘சரியாக’ என்ற சொல்லை நுழைப்பது. ‘குக்கர் விசில் அடித்தது, சரியாக அதே நேரத்தில் பெல் அடித்தது’ என்பதில் குறை இல்லை. ‘எனக்குச் சென்னை பிடிக்கும், ஆனால் சரியாக அதே நேரத்தில் வெயில் பிடிக்காது’ என்றதும் வகுப்பே சிரித்துவிட்டது. ஆங்கிலத்தில் ‘எக்ஸாக்ட்லி’ போட்டாலும் இதே கதிதான். முரணுக்கு வந்துவிட்ட தொடர் இறுகிப்போய், நடுவில் வேறு சொல்லை உள்ளே விடுவதில்லை.

முன்னால் எந்த இணைப்புச் சொல் வருகிறது என்பதைப் பொறுத்தும் இது மாறும். ‘அண்ட்’ வந்தால் இரண்டு பக்கமும் போகலாம். பின்னால் வருவது சம்பவமா நிலையா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ‘பட்’ வந்தால் அநேகமாக முரண்தான். ‘வைல்’ வந்தால் பெரும்பாலும் ‘இங்’ முடிகிற வினையைப் பின்னால் இழுத்துக்கொண்டு வரும்: ‘வைல் அட் த சேம் டைம் கீப்பிங் த பிரைஸ் லோ.’ தமிழ்ச் செய்தி நடையில் ‘தரத்தை உயர்த்தும் அதே வேளையில் விலையையும் குறைவாக வைத்து’ என்று எழுதுகிறோமே, அதற்கு நேர் இணை. ‘வைல்’ என்பதற்குள்ளேயே ‘அந்த நேரத்தில்’ இருக்கிறது, பிறகு எதற்கு இன்னொரு தடவை என்று திருத்துகிறவர்கள் உண்டு. பரீட்சைக் கட்டுரையில் நானும் வெட்டிவிடச் சொல்வேன். பேச்சில் அது ஒரு அழுத்தம், இருந்துவிட்டுப் போகட்டும்.

என்னை அதிகம் கவர்வது ‘பட்’ மட்டும் வருவதற்கும் ‘பட் அட் த சேம் டைம்’ வருவதற்கும் உள்ள வித்தியாசம்தான். அந்தத் தம்பி அப்போது வீடு தேடிக்கொண்டிருந்தார். அவருடைய வீட்டை வைத்தே பார்த்தோம். ‘வீடு நல்லா இருக்கு, ஆனா வாடகை அதிகம்’ என்றால் என்ன முடிவு? வேண்டாம் என்பதுதான். திருப்பிப் போடுங்கள்: ‘வாடகை அதிகம், ஆனா வீடு நல்லா இருக்கு.’ அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பிவிட்டார் என்று அர்த்தம். விஷயம் இரண்டும் அதேதான், வரிசை மட்டும்தான் மாறியது. ‘ஆனால்’ என்பதற்குப் பின்னால் வருவதுதான் ஜெயிக்கும். பிரெஞ்சு மொழியியலாளர் ஒஸ்வால்ட் டுக்ரோ, தம் மொழியில் ‘ஆனால்’ என்று பொருள்படும் ‘மே’ என்ற சொல்லை ஆராய்ந்து இதை விரிவாகக் காட்டியிருக்கிறார்.

இப்போது ‘வீடு நல்லா இருக்கு, ஆனா அதே சமயம் வாடகையும் அதிகம்’ என்று சொல்லிப் பாருங்கள். பேசுகிறவர் இன்னும் முடிவு எடுக்கவில்லை. முதலில் சொன்னதைத் தள்ளிவிடாமல் இரண்டையும் தராசில் வைத்துக்கொண்டு நிற்கிறார். ‘ஒரே நேரத்தில்’ என்ற பழைய அர்த்தம் அடியோடு போய்விடவில்லை. இரண்டு உண்மைகளையும் ஒன்றாகக் கையில் பிடித்திருக்கிற அளவுக்கு அது உயிரோடு இருக்கிறது. பெற்றோர் கூட்டங்களில் டீச்சர்கள் இதை எவ்வளவு பக்குவமாகப் பயன்படுத்துகிறார்கள் என்று கவனித்திருக்கிறேன். “பையன் நல்லா படிக்கிறான். அட் த சேம் டைம் கொஞ்சம் கவனம் வேணும்.” இங்கே ‘ஆனா’ போட்டிருந்தால் முதலில் சொன்ன பாராட்டு அம்மாவின் காதில் நிற்காது.

காலச் சொல் முரண் சொல்லாவது ஆங்கிலத்துக்கு மட்டும் நேர்ந்தது இல்லை. பழைய ஆங்கிலத்தில் ‘வைல்’ வெறும் பெயர்ச்சொல்; ‘ஒரு கால அளவு’ என்று பொருள். 12ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் எழுதப்பட்ட பீட்டர்பரோ வரலாற்றுக் குறிப்பில், ஸ்டீபன் அரசனாக இருந்த 19 ஆண்டுகளும் துன்பம் நீடித்தது என்று சொல்லும் இடத்தில் அது இணைப்புச் சொல்லாக வருகிறது. அங்கே காலப் பொருள் மட்டும்தான். ‘இப்படி இருந்தாலும்கூட’ என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. மொழியியலாளர் எலிசபெத் டிராகாட் இந்தப் படிகளைத் துருவி ஆராய்ந்தவர். ஜெர்மனில் இதே வேரில் பிறந்த ‘வைல்’ வேறு வழியில் போய் ‘ஏனென்றால்’ ஆகிவிட்டது. ஒரே விதை, ஒரு ஊரில் முரண், இன்னொரு ஊரில் காரணம். பிரெஞ்சில் ‘ஆயினும்’ என்று பொருள்படும் ‘ஸபாந்தான்’ என்ற சொல்லைப் பிரித்தால் ‘இது நடந்துகொண்டிருக்கையில்’ என்றுதான் வரும்.

நம்மிடம் இல்லையா என்று கேட்டார் தம்பி. ஏன் இல்லை? ‘அப்பொழுது’ தேய்ந்துதான் ‘அப்போ’. “அப்போ நீ வரமாட்டே?” என்று கேட்கிறோமே, அதில் எந்தப் பொழுது இருக்கிறது? நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் என்றுதானே பொருள்? ‘எல்லாரும் வந்திருக்கும்போது உனக்கு மட்டும் என்ன?’ என்பதில் வரும் ‘போது’ காலத்தைவிட முரணைத்தான் அதிகம் சொல்கிறது. ‘அப்புறம்’ முதலில் இடத்தைக் காட்டிய சொல், அந்தப் புறம். அது காலத்துக்கு வந்து, இப்போது போனில் பேச்சு தீர்ந்துபோனால் “அப்புறம்?” என்று நூலை நீட்டுகிற வேலையும் பார்க்கிறது. ‘அதே நேரத்தில்’ என்பதிலும் பேச்சில் ஒரு சின்னப் பிரிவு நடக்கிறது என்று எனக்குப் படுகிறது. கடிகார நேரம் என்றால் ‘அதே நேரத்துல’ என்று வேற்றுமை உருபோடு வருகிறது. முரண் என்றால் உருபை உதிர்த்துவிட்டு ‘அதே சமயம்’ என்று நிற்கிறது. இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் ‘அதேவேளை’ என்று ஒற்றைச் சொல்லாகவே ஆகிவிட்டது.

அந்த ‘இல்’ உருபால்தான் நம் பிள்ளைகள் ஒரு இடத்தில் தடுக்குகிறார்கள். ‘நேரத்தில்’ என்பதில் ‘இல்’ இருப்பதால் ‘இன் த சேம் டைம்’ என்று எழுதிவிடுவார்கள். ஆங்கிலம் இங்கே நேரத்தை ஒரு புள்ளியாகப் பார்க்கிறது, ‘அட் ஃபைவ் ஓ கிளாக்’ மாதிரி. அதனால் ‘அட்’தான். சிவப்பு மையில் எத்தனை நோட்டுகளில் திருத்தியிருப்பேன் என்று கணக்கே இல்லை. ‘இன்’ எழுதுகிற பிள்ளை தன் மொழியின் உருபைச் சரியாகத்தான் பெயர்த்திருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுத் திருத்தினால் மறுபடி அந்தத் தப்பு வருவதில்லை.

அடுத்த வகுப்புக்குத் தம்பி சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதிக்கொண்டு வந்தார். ‘த ஹவுஸ் இஸ் ஸ்மால், பட் அட் த சேம் டைம் இட் இஸ் நியர் மை மதர்.’ வாடகையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. “பிடிச்சாச்சா?” என்று கேட்டேன். “இன்னும் ‘அட் த சேம் டைம்’லதான் சார் நிக்குது” என்றார்.