சொல் விளக்கம்: ஆக்டேவ்

ஒரு சுரத்துக்கும், அதே சுரம் மேலேயோ கீழேயோ மறுபடி வரும் இடத்துக்கும் உள்ள இடைவெளிதான் ஆக்டேவ். அதிர்வெண் கணக்கில் மேலே போனால் இரட்டிப்பு, கீழே வந்தால் பாதி. பேஸ் கிட்டாரின் ஏ கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் அது நொடிக்கு 55 முறை அதிரும். ஒரு ஆக்டேவ் மேலே 110, ஒரு ஆக்டேவ் கீழே 27.5. மூன்றும் காதுக்கு ஒரே சுரமாகத்தான் படும். உயரம் மட்டும் வேறு.

ஆக்டேவ் பெடல் என்பது காலால் மிதித்து இயக்கும் சிறு பெட்டி; அது இந்தக் கீழ்ச்சுரத்தை மின்சுற்றால் செய்து தருகிறது. நீங்கள் ஒரு சுரம் வாசித்தால் ஆம்பில், அதாவது ஒலிபெருக்கியில், அதோடு ஒரு ஆக்டேவ் கீழே இன்னொன்றும் சேர்ந்து வரும். விலை குறைந்த அனலாக் (டிஜிட்டல் அல்லாத) பெடல்களில் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று குமிழ்கள்தான் இருக்கும்: கிட்டாரின் சொந்த ஒலிக்கு ஒன்று, ஒரு ஆக்டேவ் கீழே உள்ள ஒலிக்கு ஒன்று, சிலவற்றில் இரண்டு ஆக்டேவ் கீழே உள்ளதற்கும் ஒன்று. இவ்வளவு எளிய கருவியின் பெயரைத் தமிழில் சொல்ல வரும்போதுதான் தடுமாறிவிடுகிறோம். அதனால் சொல்லின் வேரிலிருந்து வருவோம்.

லத்தீனில் ஆக்டோ என்றால் எட்டு, ஆக்டாவஸ் என்றால் எட்டாவது. பழைய ரோமானிய ஆண்டில் எட்டாவது மாதமாக இருந்ததால்தான் அக்டோபருக்கு அந்தப் பெயர். வடமொழியின் அஷ்டமும் இதே குடும்பம். தமிழின் எட்டு தனி வேர். ஒலி ஒத்துப்போவதை வைத்து முடிச்சுப் போட வேண்டாம்.

இசைக்கு வெளியே இந்தச் சொல்லுக்கு அருமையான தமிழ் வடிவம் ஒன்று ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையில் பெருவிழாவைத் தொடர்ந்து எட்டு நாள் கொண்டாடுவதற்கும் ஆக்டேவ் என்றுதான் பெயர். தமிழ் வழிபாட்டு நாட்காட்டியில் அது எண்கிழமை. பாஸ்கா எண்கிழமை ஒரு ஞாயிறன்று தொடங்கி அடுத்த ஞாயிறன்று முடிகிறது. வாரத்துக்கு ஏழு நாள்தான், ஆனால் தொடங்கிய ஞாயிறையும் முடியும் ஞாயிறையும் சேர்த்து எண்ணுவதால் எட்டு. இசையிலும் இதே கணக்குத்தான். ச ரி க ம ப த நி என்று சுரம் ஏழு. மேல் சட்ஜத்தையும் சேர்த்தால் எட்டு. எட்டாவதாக வருவது புதிய சுரம் இல்லை, முதல் சுரமே மறுபடி வருகிறது. மேற்கத்தியர்கள் இந்த எட்டாவது படியைப் பிடித்துக்கொண்டு பெயர் வைத்தார்கள்.

வேதியியலிலும் இதே உவமை நுழைந்தது. ஜான் நியூலாந்து 1865-இல் தனிமங்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொரு எட்டாவது தனிமமும் முதலாவதன் பண்பை ஒத்திருக்கிறது என்று சொன்னபோது இசையிலிருந்தே பெயரை எடுத்தார். நம் பள்ளிப் பாடநூலில் அது எண்ம விதி. இங்கிருந்துதான் பெடலுக்குச் சிக்கல் வருகிறது. எட்டைக் குறிக்கும் எண்மம் என்ற சொல்லை இசைக்கும் கொண்டுவந்து எண்மப் பெடல் என்று எழுதினால், இன்று படிப்பவர் அதை டிஜிட்டல் பெடல் என்றே புரிந்துகொள்வார். எண்மம் இப்போது டிஜிட்டலுக்கு நன்றாக வேரூன்றிவிட்டது. நாம் பேசுவதோ டிஜிட்டல் அல்லாத அனலாக் கருவி. சொல் சரியாக எதிர்ப்பக்கம் போய் நிற்கும். எட்டை வைத்து மொழிபெயர்க்கும் வழி இதோடு அடைபடுகிறது.

சரி, இசைக்குள்ளேயே என்ன இருக்கிறது? இந்துஸ்தானியில் சப்தக் என்பார்கள். அங்கே ஏழை எண்ணியிருக்கிறார்கள். கர்நாடக இசையில் ஸ்தாயி; நிற்றல், நிலைத்தல் என்ற வேரிலிருந்து வந்தது. மந்த்ர, மத்ய, தார ஸ்தாயி என்று மூன்று. எழுதும்போது சுரத்துக்குக் கீழே புள்ளி வைத்தால் மந்த்ரம், மேலே வைத்தால் தாரம். தமிழிசையில் இதற்கு மண்டிலம் என்று பெயர்: மெலிவு மண்டிலம், சமன் மண்டிலம், வலிவு மண்டிலம். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் யாழாசிரியனின் திறமையைச் சொல்லும் இடத்திலேயே வலிவு, மெலிவு, சமன் மூன்றும் வந்துவிடுகின்றன.

மண்டிலம் என்றால் வட்டம், சுற்று. வடமொழியின் மண்டலத்தோடு ஒட்டுறவு உள்ள சொல்தான், அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. பழந்தமிழிலேயே ஊறிப்போன சொல். ஆக்டேவுக்கு இதுதான் சரியான தமிழ் என்பது என் உறுதியான கருத்து. எட்டு, ஏழு என்று எண்ணாமல், கிளம்பிய சுரத்துக்கே திரும்பி வருவதைச் சொல்கிறது இந்தச் சொல். பன்னிரண்டு சுரத்தானங்களை வட்டமாக வைத்துப் பார்த்த வட்டப்பாலை மரபோடும் இது பொருந்துகிறது. மேற்கத்திய இசையிலும் அரைச்சுரம் 12 கடந்தால்தான் ஆக்டேவ். எட்டு என்ற எண் அந்தக் கணக்குக்கு உதவாது, வட்டம் உதவும்.

பேச்சுவழக்கில் எட்டுக்கட்டை என்று ஒன்று உண்டு. உச்சத்தில் பாடுபவரை எட்டுக்கட்டையில் பாடுகிறார் என்கிறோம். கட்டை என்பது ஆர்மோனியத்தில் விரல் படும் கட்டை. 1 கட்டை என்றால் மேற்கத்தியக் கணக்கில் சி, 2 கட்டை டி, இப்படியே 7 கட்டை பி. எட்டாவது கட்டைக்குப் போனால் மறுபடி சி, ஒரு மண்டிலம் மேலே. லத்தீன்காரர்கள் எண்ணிய அதே எட்டு. ஆனால் இந்தச் சொல் சுருதி உயரத்துக்குப் போய்விட்டதால் இடைவெளிக்கு இதை இழுக்க முடியாது.

மெலிவு என்பதில் ஒரு குழப்பம் வரும், இங்கேயே தீர்த்துவிடலாம். ஆக்டேவ் பெடலை மிதித்தால் பேஸ் ஒலி தடிமனாகிறது. அதைப் போய் மெலிவு என்பதா என்று தோன்றும். அந்தச் சொல் பாடும் குரலைப் பார்த்துப் பிறந்தது. குரல் கீழே இறங்க இறங்க அழுத்தம் குறையும், மேலே ஏற வலிவு வேண்டும். மின்சாரம் வந்த பிறகு கீழ் மண்டிலத்தையும் வேண்டிய அளவு உரக்கக் கொடுக்க முடிகிறது. சொல்லின் பொருள் இசையில் இடத்தைக் குறிக்கிறது, கனத்தை அல்ல. தம்புராவின் கடைசிக் கம்பி, சாரணி எனப்படும் நடுக்கம்பிக்கு ஒரு மண்டிலம் கீழே, மந்த்ர சட்ஜத்தில் நிற்கிறது. அந்தக் கம்பி இல்லாமல் தம்புராவை நினைத்துப் பாருங்கள். பேஸ் கிட்டாருக்கு ஆக்டேவ் பெடல் செய்கிற உபகாரம் ஏறக்குறைய அதுதான்.

இப்போது பெட்டிக்குள் போவோம். கம்பியில் மண்டிலம் மாற்றுவது நீளத்தின் வேலை. கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த மெட்டுதான் ஃப்ரெட்; 12-ஆம் ஃப்ரெட் கம்பியைச் சரிபாதியாகப் பிரிக்கிறது, அதிர்வெண் இரட்டிக்கிறது. வீணையில் 24 மெட்டு, ஒரு கம்பிக்கு இரண்டு மண்டிலம் என்பதும் இதே கணக்கு. ஆனால் திறந்த கம்பிக்குக் கீழே போக நீளம் இல்லை. அங்கேதான் பெடல் எண்ணத் தொடங்குகிறது.

கிட்டாரிலிருந்து வரும் மின்னலை ஏறி இறங்குகிறது. சுற்று முதலில் அதை வடிகட்டி, அடிப்படை அதிர்வை மட்டும் தூக்கிக் காட்டுகிறது. அலை ஒவ்வொரு முறை ஏறும்போதும் ஃப்ளிப்-ஃப்ளாப் என்ற சிறு சுற்று நிலை மாறுகிறது: முதல் ஏற்றத்தில் திறக்கும், அடுத்த ஏற்றத்தில் மூடும், அதற்கடுத்ததில் திறக்கும். ஒருமுறை திறந்து மூட இரண்டு அலை ஆவதால் வெளியே வருவது பாதி அதிர்வெண். இன்னொரு ஃப்ளிப்-ஃப்ளாப்பைத் தொடர்ந்து வைத்தால் கால்பங்கு, அதாவது இரண்டு மண்டிலம் கீழே. 4013 என்ற சாதாரண சிப் ஒன்றிலேயே இரண்டு ஃப்ளிப்-ஃப்ளாப் இருக்கின்றன. அனலாக் ஆக்டேவ் பெடல் மலிவாகக் கிடைப்பதன் ரகசியம் இதுதான்: வேலைக்கு வேண்டிய பாகங்கள் குறைவு, எல்லாமே கடையில் சுலபமாகக் கிடைப்பவை.

வெறும் ஃப்ளிப்-ஃப்ளாப்பின் ஒலி சதுர அலை, கரடுமுரடாக இருக்கும். 1970-களில் வந்த எம்எக்ஸ்ஆர் ப்ளூ பாக்ஸ் பெடலில் ஃபஸ் என்ற கரகரப்பு ஒலியோடு சேர்ந்து இந்த முரட்டு ஒலியைக் கேட்கலாம். ஜப்பானின் பாஸ் நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஓசி-2 வேறு வழியில் போனது. அதில் ஃப்ளிப்-ஃப்ளாப் தானே ஒலிப்பதில்லை. வடிகட்டிய கிட்டார் அலையை ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாக்குவது மட்டுமே அதன் வேலை. அதனால் வரும் கீழ்ச்சுரம் உங்கள் விரலின் அழுத்தத்தோடு ஏறி, கம்பி அடங்க அடங்கத் தானும் அடங்குகிறது. பேஸ்காரர்கள் இதை இத்தனை ஆண்டுகளாகக் கொண்டாடுவது அதனால்தான். வேல்ஸைச் சேர்ந்த பேஸ் கலைஞர் பினோ பலாடினோ 1980-களில் ஃப்ரெட் இல்லாத ஃப்ரெட்லெஸ் பேஸோடு இதை வாசித்த பிறகு அந்த ஒலிக்கே தனி மரியாதை வந்தது. இன்றைய மலிவான அனலாக் பெடல்கள் பலவும் இந்த வழியைத்தான் பின்பற்றுகின்றன.

மேல் மண்டிலத்துக்கு எண்ணவே வேண்டாம். அலையின் கீழ்ப்பாதியை மேலே மடித்துவிட்டால் ஏற்றங்கள் இரட்டிப்பாகும். 1967-இல் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்காக ரோஜர் மேயர் செய்துகொடுத்த ஆக்டேவியா அந்த வகை. பேஸுக்கு அதிகம் வேண்டியது கீழ் மண்டிலம்.

அனலாக் என்பது கிரேக்கத்தில் விகிதப்படி ஒத்துப்போவது என்ற பொருளிலிருந்து வந்தது. கம்பி எப்படி அசைகிறதோ அதே வடிவில் மின்னழுத்தம் அசைகிறது. பாடநூல்களில் ஒப்புமை என்று எழுதுகிறார்கள், அது பொருத்தம்தான். நடைமுறையில் இதன் லாபம் தாமதம் இல்லாதது. டிஜிட்டல் பெடல் ஒலியை எண்களாக்கிக் கணக்குப் போட்டுத் திருப்பித் தர ஒரு கணம் எடுத்துக்கொள்ளும். தாழ்ந்த சுரத்துக்கு அது விரலுக்குத் தெரியலாம். பதிலுக்கு டிஜிட்டலில் பல சுரங்களை ஒன்றாக வாசிக்கலாம். அனலாக்கில் முடியாது. ஒரு நேரத்தில் ஒரு சுரம், அவ்வளவுதான். இரண்டு கம்பி சேர்ந்து ஒலித்தால் எந்த ஏற்றத்தை எண்ணுவது என்று தெரியாமல் சுற்று குளறும்.

ஒற்றைச் சுரத்திலும் குளறும் இடங்கள் உண்டு. தடித்த ஈ கம்பியில் அடிப்படை அதிர்வைவிட மேலதிர்வுகள் ஓங்கி நிற்கும். ஒரு சுற்றுக்குள்ளேயே அலை இரண்டு முறை ஏறினால் பெடல் இரண்டாக எண்ணிவிடும், ஒலி மேலும் கீழும் துள்ளும். நீட்டிப் பிடித்த சுரத்தின் கடைசியில் வரும் கரகரப்பும் அப்படித்தான். பெடல் கெட்டுவிட்டது என்று பலர் நினைப்பது இந்த இடத்தில். டோன் குமிழைக் குறையுங்கள், கம்பியின் அதிர்வை மின்னலையாக்கும் பிக்கப்களில் கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பைப் போடுங்கள், மீட்டும் விரலையும் கழுத்துப் பக்கம் நகர்த்துங்கள், மற்ற கம்பிகளை இடக்கை விரல்களால் அமுக்கி வையுங்கள். பெடலை வரிசையில் முதலில், ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் பெடலுக்கு முன்னால் வையுங்கள். இவ்வளவும் செய்தால் மலிவான பெடலும் ஒழுங்காகப் பின்தொடரும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் எங்கே வாசிப்பது என்பது. திறந்த ஈ கம்பி 41.2 ஹெர்ட்ஸ்; அதில் பாதி 20.6. மனிதக் காதின் கீழ் எல்லை சுமார் 20. அந்த அலையின் நீளம் ஏறக்குறைய 17 மீட்டர், சிறிய ஆம்பின் ஸ்பீக்கர் அதை நகர்த்தவே திணறும். ஆகவே கீழே வாசித்து மேலும் கீழே போக நினைக்காதீர்கள். கை மேலே ஏறட்டும். ஏ கம்பியின் 7-ஆம் ஃப்ரெட் 82.4 ஹெர்ட்ஸ், பெடல் தருவது 41.2. திறந்த ஈ கம்பியின் ஆழம் கிடைத்துவிடும், அதன் மேல் உங்கள் சுரம் தெளிவாகக் கேட்கும். சொந்த ஒலியை முழுதாகக் குறைத்துக் கீழ் மண்டிலத்தை மட்டும் விட்டால் பழைய சிந்தசைசர் பேஸ் போல உருண்டு வரும். இரண்டு மண்டிலம் இறக்கும் குமிழை ஜி கம்பியின் உயர்ந்த சுரங்களுக்கு வைத்துக்கொள்ளலாம், மற்ற நேரம் மூடியே இருக்கட்டும்.

அப்புறம், பெட்டிக்குப் பெயர். இதை ஆக்டேவ் டிவைடர் என்றும் சொல்வதால் மண்டிலப் பகுப்பி என்று எழுதத் தோன்றலாம். பகுக்கப்படுவது அதிர்வெண், மண்டிலம் அல்ல. அதனால் அது பிழை. மண்டிலப் பெடல் என்பதே போதும். பெடல் என்பதற்கு மிதி என்று சொல்லலாம், லத்தீனிலும் அது காலைக் குறிக்கும் சொல்தான். ஆனால் மேடையில் கேட்டால் புரிகிற சொல் பெடல், அதை விட்டுவிடலாம். கீழே மட்டும் இறக்குவதை மெலிவு மண்டிலப் பெடல், மேலே ஏற்றுவதை வலிவு மண்டிலப் பெடல் என்று எழுதினால் வாங்குபவருக்கு எது எது என்று பெயரிலேயே தெரியும். கடையில் ஆக்டேவ் பெடல் என்றே கேளுங்கள். தமிழில் இசை பற்றி எழுதும்போதும், மாணவருக்குச் சொல்லிக் கொடுக்கும்போதும் மண்டிலம் என்று சொல்லுங்கள்.