அந்தரத்துக் குழாயில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

ஒரு பித்தளைக் குழாய் வெறும் காற்றில் நிற்கிறது. கூரையிலிருந்து கம்பி இல்லை, சுவரோடு ஒட்டவும் இல்லை. ஆனால் அதன் வாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது. அறிவியல் மையத்தில் இதைப் பார்க்கும் பிள்ளைகள் முதல் வேலையாகக் குழாயின் பின்பக்கம் கையை விட்டுத் துழாவுவார்கள். என் அக்கா மகனும் அதைத்தான் செய்தான். "மாமா, பின்னாடி ஒண்ணுமே இல்ல!" என்றான். அவன் வாய் மூடுமுன் நான் சொல்லிவிட்டேன்: "தண்ணிக்குள்ளயே ஒரு கண்ணாடிக் குழாய் நிக்குதுடா. அது வழியாத்தான் மேல ஏறி, வெளிப்பக்கமா வழியுது."

"ஓ" என்றான். அடுத்த பொருளுக்கு ஓடிவிட்டான்.

நான் சொன்னது சரியான விடைதான். கீழே தொட்டிக்குள் ஒரு மோட்டார், அதிலிருந்து செங்குத்தாக ஒரு தெளிந்த குழாய். பித்தளைக் குழாயைத் தாங்குவதும் அதுதான், தண்ணீரை மேலே கொண்டுபோவதும் அதுதான். மேலே போன தண்ணீர் அதன் வெளிப்புறத்தைச் சுற்றி வழிந்து, அந்தத் தெளிந்த குழாயையே மூடி மறைத்துவிடுகிறது. ஒளி தண்ணீரில் வளைவதற்கும் கண்ணாடியில் வளைவதற்கும் வித்தியாசம் குறைவு. போதாததற்கு ஓடும் நீரின் மேற்பரப்பு சலசலத்துக்கொண்டே இருக்கிறது. கண்ணுக்கு எதுவும் பிடிபடாது.

விடை சரி, சொன்ன நேரம்தான் தப்பு. விடுகதை போட்டவனே அடுத்த மூச்சில் அதை அவிழ்த்தும் விட்ட கதை. "இவ்வளவு தண்ணி கொட்டுதே, தொட்டி ஏன் நிரம்பி வழியல?" என்று மட்டும் கேட்டிருந்தால் பையன் அங்கேயே பத்து நிமிடம் நின்றிருப்பான். தண்ணீர் சுற்றிச் சுற்றி வருகிறது என்று அவனே கண்டுபிடித்திருப்பான். பிறகு, மேலே போக வழி எது என்று தேடித் தாரைக்குள் விரலை நீட்டியிருப்பான்.

குடும்பத்தோடு இப்படி ஓர் இடத்துக்குப் போவதென்றால் வண்டி, டிக்கெட், சாப்பாடு என்றுதான் திட்டம் போடுகிறோம். எந்த இடத்தில் பெரியவர்கள் வாயைத் திறக்கக் கூடாது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது நல்லது என்று இப்போது நினைக்கிறேன். அங்கே இருக்கும் பொருள்களைச் செய்த முறையே அப்படி. இயந்திரத்தில் பாதி மேசைமேல் இருக்கும்; மறுபாதி, 'இப்படித்தான் நடக்கும்' என்று பார்ப்பவர் மனத்தில் எழும் கணிப்பு. அந்தக் கணிப்பு பொய்த்தால்தான் பொருள் வேலை செய்தது என்று அர்த்தம். கணிப்பதற்கு முன்பே விடை வந்துவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் குழாயும் தண்ணீரும்தான்.

இந்த எண்ணத்துக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். அணுகுண்டை உருவாக்கிய ஆய்வகத்தை நடத்திய ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி ஃப்ராங்க். அவரும் இயற்பியலாளர். அமெரிக்காவில் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய காலத்தில், 1949-இல், மின்னசோட்டா பல்கலைக்கழக வேலையை இழந்தார். கொலராடோவில் மாடு வளர்த்துப் பிழைத்தார். 1957-இல் அங்கேயே ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஆசிரியரானார். கையில் கிடைத்த சாமான்களை வைத்துப் பிள்ளைகளுக்கு அறிவியல் காட்டிய அந்தப் பழக்கம்தான் பின்னாளில் சான் பிரான்சிஸ்கோவில் எக்ஸ்ப்ளோரடோரியம் என்ற அறிவியல் மையமாக வளர்ந்தது. திறந்த ஆண்டு 1969. விசையை அழுத்திப் பார்க்கும் காட்சிப்பொருள்கள் அதற்கு வெகுகாலம் முன்பே மியூனிக்கின் டாய்ச்சஸ் மியூசியத்தில் இருந்தன. ஆனால் 'தொடாதே' என்ற பலகையை அடியோடு கழற்றி எறிந்தவர் என்று ஃப்ராங்க்கைத்தான் சொல்லத் தோன்றுகிறது. 1970களில் அந்த நிறுவனம் தன் காட்சிப்பொருள்களின் செய்முறையை, சமையல் குறிப்பு மாதிரி, நூலாகவே வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்துகொள்ளலாம். உலகெங்கும் அறிவியல் மையங்களில் அதே மிதக்கும் பந்தும் அதே ரகசியம் பேசும் தட்டும் கண்ணில் படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நம் நாட்டில் கொல்கத்தாவில் 1959-இல் பிர்லா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகம் வந்தது. பிறகு பெங்களூரு. கஸ்தூரிபா சாலையில், கப்பன் பூங்காவை ஒட்டி நிற்கும் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தை 1962 ஜூலையில் நேரு திறந்துவைத்தார். சென்னைக்காரர்களுக்குக் கோட்டூர்புரத்தில் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையமும் அதே வளாகத்தில் 1988-இல் வந்த பிர்லா கோளரங்கமும் இருக்கின்றன. திருச்சியில் அண்ணா அறிவியல் மையம். எங்கள் வீட்டில் இந்த விடுமுறைக்கு முடிவானது பெங்களூரு. காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்பலாம் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

கால் வலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அருங்காட்சியகத்தில் மனிதர்கள் சோர்ந்துபோவதை 1916-இலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார் பெஞ்சமின் கில்மன் என்பவர். பாஸ்டன் கலை அருங்காட்சியகத்தில் செயலாளராக இருந்தவர். ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னும் குனிந்தும் எட்டியும் பார்க்கும் ஆளைப் புகைப்படமாகவே எடுத்துக் காட்டினார். எல்லாவற்றையும் பார்த்தே தீர்வது என்று கிளம்பினால் முதல் மாடியிலேயே பிள்ளைகள் தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். ஐந்து பொருள் போதும் என்று வைத்துக்கொண்டோம். சாப்பிட்டுவிட்டு உள்ளே போனோம். பள்ளிச் சுற்றுலா வரிசை ஒரு கூடத்துக்குள் நுழைந்தால் நாங்கள் அடுத்த கூடத்துக்கு நகர்ந்தோம். கூட்டத்தில் யாருக்கும் ஒரு பொருளோடு மல்லுக்கட்ட நேரம் கிடைக்காது. பையில் ஒரு நூல்கண்டு, ஒரு காகித நாடா, ஒரு துண்டு சிவப்பு ஜெலட்டின் தாள். இவை எதற்கு என்று வழியில் பிள்ளைகளிடம் சொல்லவில்லை.

அநேகமாக எந்த மையத்திலும் இருக்கும் அந்த ரகசியம் பேசும் தட்டுகளையே எடுத்துக்கொள்வோம். ஆள் உயரத்துக்கு மேலான இரண்டு குழிந்த தட்டுகள் எதிரெதிரே, இருபது முப்பது அடி தள்ளி நிற்கும். ஒன்றின் முன் நின்று முணுமுணுத்தால் மற்றதன் முன் நிற்பவருக்குக் காதருகில் பேசியது போலக் கேட்கும். நடுவில் நிற்பவருக்கு ஒன்றும் கேட்காது. தட்டின் குழிவு பரவளைய வடிவம். அதன் முன்னால் குவியம் என்று ஒரு புள்ளி உண்டு; அங்கிருந்து கிளம்பும் ஒலி தட்டில் எங்கே பட்டாலும் ஒரே திசையில், இணையாகத் திரும்பும். எதிர்த்தட்டு அவ்வளவையும் வாங்கித் தன் குவியத்தில் குவித்துவிடும். வெட்டவெளியில் பேசும் ஒலி நாலாபுறமும் பரவுவதால் தொலைவு இரண்டு மடங்கானால் அதன் செறிவு கால் பங்காகிவிடும். இங்கே பரவ விடுவதே இல்லை. தலையை ஒரு முழம் நகர்த்திப் பாருங்கள், பேச்சு மங்கிவிடும். குவியம் எங்கே இருக்கிறது என்பதைக் காதாலேயே தடவிக் கண்டுபிடிக்கலாம்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. தட்டு ஒலியைக் கண்ணாடி மாதிரித் திருப்பவேண்டுமானால் அது அலைநீளத்தைவிடப் பெரிதாக இருக்கவேண்டும். விநாடிக்கு 100 அதிர்வுள்ள ஆண் குரலின் அடித்தொனிக்கு அலைநீளம் கிட்டத்தட்ட 3.4 மீட்டர், தட்டைவிட நீளம். அது தட்டைச் சட்டைசெய்யாமல் சிதறிப்போகும். 'ஸ்', 'ஷ்' என்ற சீறல்களில் அலைநீளம் சில சென்டிமீட்டர்தான். அவை அப்படியே போய்ச்சேரும். கிசுகிசுப்பில் குரல்நாண் அதிர்வதே இல்லை, எல்லாம் சீறல்தான். ஆகவே இந்தத் தட்டுக்கு முன்னால் அதட்டிப் பேசுவதைவிடக் கிசுகிசுப்பது மேல். நான் 'ம்ம்ம்' என்று முனகினேன். பிறகு 'ஸ்ஸ்ஸ்' என்றேன். எது தெளிவாகக் கேட்டது என்று மட்டும் கேட்டேன். என் எட்டு வயது மகள் எதிர்ப்பக்கத்திலிருந்து கிசுகிசுத்தாள்: "பாம்புதான்."

மேட்டில் ஏறும் உருளை இதைவிடக் குறும்பு. இரண்டு கூம்புகளை அடியோடு அடி ஒட்டியது போன்ற ஒரு கட்டை. ஒரு முனையில் நெருங்கியும் மறுமுனையில் விலகியும் இருக்கும் இரண்டு தண்டவாளங்கள். விலகிய முனைதான் உயரம். கட்டையைத் தாழ்ந்த முனையில் வைத்தால் அது தானாகவே மேடேறிப் போகும். நூல்கண்டு இதற்குத்தான். கட்டையின் அச்சு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று இரண்டு முனையிலும் நூலால் அளந்து முடிச்சுப் போட்டோம். 'மேலே ஏறிய' கட்டையின் அச்சு தாழ்ந்திருந்தது. தண்டவாளம் விலக விலக, கட்டையின் மெலிந்த நுனிகள்தான் அதன்மேல் உட்காருகின்றன. பருத்த நடுப்பகுதி இடைவெளிக்குள் இறங்கிவிடுகிறது. பாதை ஏறுகிறது, எடை இறங்குகிறது. நம் கண் பாதையைப் பார்க்கிறது, புவியீர்ப்பு அச்சைப் பார்க்கிறது.

காற்றில் மிதக்கும் பந்தைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை. மேல்நோக்கி வீசும் காற்றில் பந்து மிதக்கும். காற்றுக்குழாயைச் சாய்த்தாலும் விழாது. 'பெர்னூலி தத்துவம்: வேகமான காற்றில் அழுத்தம் குறைவு' என்று விளக்கப் பலகைகள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அது விஷயத்தைத் தெளிவாக்குவதில்லை. பந்து ஒரு பக்கம் நழுவும்போது காற்றுத்தாரை அதன் வளைவை ஒட்டிக்கொண்டு தானும் வளைகிறது. பந்து காற்றை வெளிப்பக்கம் திருப்பிவிடுகிறது. காற்று பந்தை உள்பக்கம் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. காகித நாடாவைப் பந்துக்கு மேலே பிடித்தால், பந்தைக் கொஞ்சம் ஓரத்துக்குத் தள்ளும்போதெல்லாம் நாடா சாய்வதைக் கண்ணால் பார்க்கலாம். இந்த நாடாவுக்கு எந்தப் பலகையும் ஈடாகாது.

இருட்டறையில் நிழலைச் சுவரில் விட்டுவிட்டு வரும் விளையாட்டு நம் எல்லோருக்கும் தெரியும். பளிச்சென்று ஒரு மின்னல் வெளிச்சம். நாம் நகர்ந்த பிறகும் நிழல் நிற்கும். சுவரில் பூசியிருப்பது நின்றொளிரும் பொருள். வெளிச்சம் பட்டால் அதிலுள்ள எலெக்ட்ரான்கள் ஆற்றல் பெற்று எழுந்து ஒரு பொறியில் மாட்டிக்கொள்கின்றன. பிறகு ஒவ்வொன்றாகத் தப்பி இறங்கும்போது பச்சை ஒளி. நாம் மறைத்து நின்ற இடத்துக்கு ஆற்றல் கிடைக்கவில்லை, ஆகவே அது இருட்டு. அக்கா மகனிடம் கைபேசி விளக்கைக் கொடுத்தேன். சுவரில் தன் பெயரை எழுதினான். பிறகு விளக்கின்மேல் சிவப்புத் தாளை வைத்து எழுதச் சொன்னேன். எழுத்து விழவில்லை. இன்னும் கிட்டே வைத்தான், இன்னும் நேரம் பிடித்தான். ம்ஹூம். சிவப்பு ஒளியின் ஒவ்வொரு துணுக்கிலும் ஆற்றல் குறைவு. எலெக்ட்ரானைத் தூக்கிவிட அது போதாது. குட்டையான ஆள்கள் எத்தனை பேர் வந்தாலும் பரண்மேல் இருக்கும் பெட்டி எட்டாது. இதைத்தான் கல்லூரியில் குவாண்டம் என்ற பெயரில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அன்று அவனிடம் அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

இந்த இடத்தில் ஒரு குற்ற உணர்ச்சியையும் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவில் ஒரு சிறுவர் அருங்காட்சியகத்தில் குடும்பங்கள் பேசிக்கொள்வதைப் பதிவு செய்து 2001-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. ஆண் பிள்ளைக்குக் காரணம் விளக்கிச் சொல்வது, பெண் பிள்ளைக்குச் சொல்வதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்றது. தாய்மாரும் சரி, தந்தையரும் சரி. படித்தபோது 'அங்கே அப்படி' என்று நினைத்தேன். ரயிலில் திரும்பும்போது யோசித்துப் பார்த்தால், விளக்கைக் கொடுத்தது அவனுக்கு. குழாயைப் பற்றிச் சொன்னதும் அவனுக்கு. மகளிடம் நான் அதிகம் சொன்ன வார்த்தை "பாத்து, பாத்து."

எக்ஸ்ப்ளோரடோரியத்தில் ஆய்வாளர்கள் குடும்பங்களுக்குக் கற்றுக்கொடுத்த இரண்டு விளையாட்டுகள் இதற்குக் கொஞ்சம் மருந்து. ஒன்றில், யார் வேண்டுமானாலும் 'கை எடு!' என்று சொல்லலாம். எல்லோரும் கையை எடுத்துவிட்டு, அவர் கவனித்ததையோ செய்ய நினைப்பதையோ கேட்கவேண்டும். இன்னொன்றில், அந்தப் பொருளை வைத்தே விடை காணக்கூடிய, ஆனால் அங்கே நிற்கும் யாருக்கும் விடை தெரியாத ஒரு கேள்வியைக் கேட்கவேண்டும். 'யாருக்கும்' என்பதில் அப்பாவும் அடக்கம். அதுதான் கஷ்டம்.

விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தில் ரைட் சகோதரர்களின் விமானத்தின் முழு அளவு மாதிரி நிற்கிறது. தொட்டு விளையாட முடியாத பொருள். பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் நகர்ந்துவிட்டார்கள். வெளியே வந்து கப்பன் பூங்காவில் உட்கார்ந்தபோது மகள்தான் அதை மறுபடி எடுத்தாள்: "அது எவ்ளோ தூரம் பறந்துச்சுப்பா?" 1903 டிசம்பர் 17-இல் முதல் பறத்தல் 12 விநாடி, 120 அடி; சுமார் 37 மீட்டர். அடியால் எண்ணி நடந்து பார்க்கச் சொன்னேன். ஒரு மரத்தடியில் தொடங்கி நான்கு மரம் தள்ளிப்போய் நின்றாள். "இவ்ளோதானா?" என்று அங்கிருந்தே கத்தினாள். போயிங் 747-இன் இறக்கை இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை அறுபது மீட்டருக்கும் மேல் என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். அவள் திரும்பி ஓடிவந்தாள், எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணிக்கொண்டே.

மறுநாள் காலை சமையலறையில் எண்ணெய் ஊற்றும் இரண்டு புனல்களையும் காணவில்லை. வாயோடு வாய் வைத்து டேப் ஒட்டி, இரண்டு துடைப்பக் கழிகளை விரித்து, விலகிய முனைக்கடியில் பாடப்புத்தகங்களை அடுக்கியிருந்தாள். ஏறவில்லை. முனை ரொம்ப உயரம், ஒரு புத்தகத்தை எடுத்தால் சரியாகிவிடும். எனக்குத் தெரிந்தது. தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டுப் பேசாமல் நின்றேன்.