ஓடுபாதையில் விமானத்தை நேராகப் பிடித்திருப்பது எது?

விமானம் மேலெழும்ப ஓடும்போது அதை நேராக வைத்திருப்பது முன்சக்கரம்தானே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். மெதுவாக உருளும்வரை அது சரி. வேகம் கூடக்கூட இறக்கைகள் எடையைத் தாங்கத் தொடங்கும், சக்கரத்தின் பிடி தளரும். அப்புறம் எல்லாம் வாலின் கையில்தான்.

செங்குத்தாக நிற்கும் அந்த வாலின் பின்விளிம்பில், இருபுறமும் மடங்கக்கூடிய பலகை போன்ற சுக்கான் இருக்கிறது. விமானி வலது பெடலை மிதித்தால் சுக்கான் வலப்புறம் மடங்கும், வால் இடப்புறம் தள்ளப்படும், மூக்கு வலப்புறம் திரும்பும். இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. இடப்பக்கத்திலிருந்து குறுக்குக் காற்று வீசினால் அதே வால் காற்றுகாட்டிச் சேவலைப் போல நடந்துகொள்ளும். காற்று வாலை வலப்புறம் தள்ள, மூக்கு காற்று வரும் இடப்பக்கம் திரும்பப் பார்க்கும். ஆக, ஒரே வாலில் இரண்டு விசைகள் மோதுகின்றன. காற்றின் தள்ளல் ஏறக்குறைய விமானத்தின் வேகத்துக்கு நேர்விகிதத்தில் வளரும். சுக்கானின் பலமோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளல் இரண்டு மடங்கு, சுக்கானின் பலம் நான்கு மடங்கு! ஓட்டத்தின் முற்பகுதியில் திணறும் சுக்கான், வேகம் பிடித்ததும் காற்றை மிஞ்சிவிடுகிறது. கூடுதலாக ஒரு பாகமும் தேவையில்லாமல் வேகமே இதைச் செய்துவிடுவது எத்தனை அழகு!

காற்று ஒரே சீராக வீசினால் கவலை இல்லை. 2008 டிசம்பர் 20 அன்று அமெரிக்காவின் டென்வரில் அப்படி வீசவில்லை. காண்டினென்டல் ஏர்லைன்ஸின் போயிங் 737 ஒன்று 115 பேருடன் ஓடத் தொடங்கியது. விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்ன காற்று 27 நாட், அதாவது மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர். மேற்கே இருக்கும் மலைத்தொடரைத் தாண்டி இறங்கிய காற்றலைகள் ஓடுபாதையில் 45 நாட் வரை வீச்சுகளை எழுப்பின. வலது பெடலை நன்றாக மிதித்தும் மூக்கு இடப்பக்கம் இழுத்தது. சுக்கான் வேலை செய்யவில்லை என்று நினைத்த கேப்டன் அதை விட்டுவிட்டு, முன்சக்கரத்தைத் திருப்பும் கைப்பிடிக்குப் போனார். அந்த வேகத்தில் அதனால் பயனில்லை. சுமார் நான்கு நொடியில் விமானம் பாதையை விட்டு இடப்பக்கம் இறங்கித் தீப்பிடித்தது. நல்லவேளை, எல்லோரும் உயிர் பிழைத்தார்கள்.

சுக்கானை விடாமல் பிடித்திருந்தால் விமானம் கட்டுப்பாட்டில் இருந்திருக்கும் என்பது விசாரணையின் முடிவு. அதற்காகக் கேப்டன் ஒருவர் மேல் மட்டும் பழி போடுவதை என்னால் ஏற்க முடியாது. இப்படி விட்டுவிட்டு அடிக்கும் குறுக்குக் காற்றை அவர் பயின்ற சிமுலேட்டர், அதாவது தரையிலேயே பறக்கப் பழக்கும் பாவனை இயந்திரம், சரியாகக் காட்டியதே இல்லை என்று அதே விசாரணை அறிக்கை சொல்கிறது. விமான நிலையங்களில் தரையோரக் காற்றை அளந்து, அந்தத் தரவைச் சிமுலேட்டருக்குள் கொண்டுவர வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. காற்றளவிகளை நட்டு ஆண்டுக்கணக்கில் தரவு சேர்ப்பது கவர்ச்சியில்லாத வேலை. இந்த மாதிரி ஆராய்ச்சிக்குத்தான் நிதியை முதலில் ஒதுக்க வேண்டும் என்பேன்.