நெஞ்சுவலிக்கு ஊரிலேயே முதல் மருந்து: ‘இதயம் காப்போம்’ திட்டம்

கிராமத்தில் ஒருவருக்கு மாரடைப்பு வந்தால், 108 வண்டி எத்தனை நிமிடத்தில் வந்தது என்பதைத்தான் எல்லோரும் கேட்கிறோம். வண்டி வாசலுக்கு வந்த பிறகும் இதய சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு இன்னும் நெடுந்தூரம் போக வேண்டியிருக்கும் என்பதை அந்தக் கேள்வி விட்டுவிடுகிறது. அந்த இடைவெளியில் முதல் மருந்தையாவது ஊரிலேயே கொடுத்துவிட வேண்டும் என்பதற்காகத் தமிழ்நாடு அரசு 2023 ஜூனில் தொடங்கியதே ‘இதயம் காப்போம்’ திட்டம்.

இதன்படி துணை சுகாதார நிலையத்திலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மாரடைப்பு என்று சந்தேகிக்கத்தக்க நெஞ்சுவலியோடு வருபவருக்கு 14 மாத்திரைகள் ஒரே வேளையில் இலவசமாகத் தரப்படுகின்றன. ஆஸ்பிரின் 150 மி.கி. இரண்டு, குளோபிடோக்ரல் 75 மி.கி. நான்கு, அட்டோர்வாஸ்டேட்டின் 10 மி.கி. எட்டு. கைநிறைய மாத்திரைகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்; தொடக்கத்தில் மட்டும் கொடுக்கும் கூடுதல் அளவு இது. முதல் இரண்டு மருந்துகளும் ரத்தக்கட்டி மேலும் வளராமல் தடுப்பவை. ஏற்கெனவே உள்ள அடைப்பை அவை திறப்பதில்லை. அதற்கு மருத்துவமனையில் கட்டியைக் கரைக்கும் ஊசியோ, அடைபட்ட ரத்தக்குழாயைச் சிறு பலூனால் விரிக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியோ தேவை. ஆகவே மாத்திரை போட்டதும் வலி குறைந்தது என்று வீடு திரும்புவது பெரும் ஆபத்து. ஆஸ்பிரின் ஒவ்வாமை, வயிற்றுப்புண், ரத்தக்கசிவு, அண்மையில் வந்த பக்கவாதம் ஆகியவை இருந்தால் மாத்திரை வாங்குமுன் செவிலியரிடம் சொல்லிவிட வேண்டும்.

சுகாதார நிலையத்துக்குப் புறப்படுவதற்கு முன்பே 108-ஐ அழைப்பது நல்லது. நெஞ்சை அழுத்தும் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை ஆகியவை பொதுவான அறிகுறிகள். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் மூச்சுத்திணறல் மட்டும் வரலாம். ‘கேஸ் தொந்தரவுதான்’ என்று சோடா வாங்கிக் குடித்துக் காத்திருக்கும் நேரத்தை எவ்வளவு வேகமாக வரும் வண்டியாலும் மீட்டுத் தர முடியாது. அழைக்கும்போது ஊராட்சியின் பெயரோடு, வண்டி திரும்ப வேண்டிய இடத்திலுள்ள கோயில், பள்ளி, தண்ணீர்த் தொட்டி போன்ற அடையாளத்தையும் சொல்ல வேண்டும். இரவில் துணை சுகாதார நிலையம் பூட்டியிருக்கலாம். அது இந்தத் திட்டத்தின் வெளிப்படையான குறை. அந்நேரத்தில் அங்கே போய்க் கதவைத் தட்டிக்கொண்டிராமல் 108-ஐயே நம்புவது நல்லது.

நோயாளி நினைவிழந்து மூச்சும் நின்றுவிட்டால் வாயில் எதையும் போடக் கூடாது. மார்பின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, சுமார் 5 செ.மீ. ஆழத்துக்கு, வண்டி வரும்வரை விடாமல் அழுத்த வேண்டும்.

108 சேவைக்கும் அரசு மருத்துவமனைச் சிகிச்சைக்கும் கட்டணம் கிடையாது. தனியார் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்கு உட்பட்ட குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டை அங்கீகரிக்கப்பட்ட இடங்களில் பயன்படுத்தலாம். எங்கே போனாலும், எந்த மாத்திரைகள் எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டன என்று எழுதிய சீட்டையும், ஈசிஜி எடுத்திருந்தால் அந்தத் தாளையும் பெரிய மருத்துவமனையில் முதலில் பார்க்கும் மருத்துவரிடம் கொடுக்க வேண்டும். அதே மருந்தை மறுபடியும் கொடுத்துவிடாமல் இருக்க அவருக்கு அது தேவைப்படும்.