எவ்வளவு ஊதினாலும் சுருதி ஏறாத நாக்கு

ஆர்மோனியத்தின் மேல்பலகையைக் கழற்றினால் உள்ளே வரிசையாகப் பித்தளைத் தகடுகள் தெரியும். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு நீளத் துளை. அதன்மேல் ஒரு முனை மட்டும் அறையப்பட்ட மெல்லிய பித்தளை நாக்கு. ரீட் என்பது இதுதான். துளையைவிட நாக்கு மயிரிழை குறுகல், அதனால் உரசாமல் உள்ளே போய் வெளியே வரும். துருத்திக் காற்று அதை உள்ளே தள்ளினால் வழி அடைபடும். நாக்கு தன் விறைப்பால் திரும்பினால் வழி திறக்கும். நொடிக்கு 440 முறை இப்படிக் காற்று வெட்டுப்பட்டால், மேற்கத்திய இசைக்குழுக்கள் சுருதி சேர்க்கும் ‘ஏ’ ஸ்வரம் கேட்கும். அந்த மூக்குக் குரலும் இந்த வெட்டலால் வருவதுதான்.

நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். காற்றைக் கூட்டினாலோ சத்தம்தான் கூடும். சுருதி ஏறக்குறைய அப்படியே நிற்கும். குழாய்களில் காற்றை ஊதி ஒலிக்கும் தேவாலய ஆர்கனுக்கு இந்தச் சலுகை கிடையாது. அழுத்தம் மாறினால் அதன் சுருதியே பிசகிவிடும்.

சீனாவின் ஷெங் வாத்தியத்தில் இந்த நாக்கு பல நூற்றாண்டுகளாக இருந்துவந்தது. ஐரோப்பாவில் 1780-ல் கிராட்சன்ஸ்டைன் என்ற விஞ்ஞானி, உயிரெழுத்துகளை ஒலிக்கும் கருவி செய்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அகாதமியின் பரிசை வாங்கினார்; அதிலும் இந்த நாக்கு உண்டு. 1810 வாக்கில் பாரிஸில் கிரெனியே, சத்தத்தை ஏற்றி இறக்கக்கூடிய ஆர்கன் ஒன்றைக் கட்டினார். வியன்னாவில் ஹேக்ல் செய்தது பிஸ்ஹார்மோனிகா என்ற சின்னஞ்சிறு நாக்கு வாத்தியம். அப்புறம் 1840-களின் தொடக்கத்தில் பாரிஸ்காரர் டெபேன் தன் கருவிக்கு ஆர்மோனியம் என்று பெயர் வைத்துக் காப்புரிமை வாங்கினார்.

காலால் மிதித்து வாசிக்கும் இந்தப் பிரெஞ்சு ஆர்மோனியத்தின் உயிர், ‘எக்ஸ்பிரஷன்’ என்ற ஒரு ஸ்டாப், அதாவது இழுகுமிழ். அதை இழுத்தால் காற்றைச் சீராக்கும் சேமிப்புத் துருத்தி விலகிக்கொள்ளும். மிதிக்கும் காலின் அழுத்தம் நேரே நாக்குக்குப் போகும். கால் தடுமாறினால் பாட்டும் தடுமாறும். நல்ல கையில், இல்லை, நல்ல காலில், பாடகர் மூச்சுவிடுவது போலவே இருக்கும். இத்தாலிய இசையமைப்பாளர் ரோசினி 1860-களில் எழுதிய ‘பெத்தித் மெஸ் சொலனெல்’ என்ற கிறிஸ்தவ வழிபாட்டு இசையில் குரல்களோடு இரண்டு பியானோக்களும் ஒரு ஆர்மோனியமும்தான். செக் இசையமைப்பாளர் துவோர்ஷாக் 1878-ல் இரண்டு வயலின், செல்லோவோடு ஆர்மோனியத்தைச் சேர்த்துப் ‘பாகடெல்’ என்ற சிறு துணுக்குகள் எழுதினார்; அவர் நண்பர் வீட்டில் இருந்தது அந்தக் கருவி, அவ்வளவுதான் காரணம்.

கல்கத்தாவில் வாத்தியம் செய்பவரான துவாரகநாத் கோஷ் 1875 வாக்கில் துருத்தியைப் பின்பக்கம் வைத்து, கையால் அசைக்கும்படி ஆக்கினார். ஒரு கை துருத்திக்குப் போனதால் கட்டைகளுக்கு மிஞ்சியது ஒரு கைதான். ஒரே நேரத்தில் பல ஸ்வரங்களை அடுக்கும் ஐரோப்பிய இசைக்கு அது போதாது; ஒற்றை இழையாக ஓடும் ராகத்துக்குத் தாராளம். ஆனால் நம்மூர் ஸ்பெஷல் நாடக மேடையில் கால் ஆர்மோனியம் தொடர்ந்தது. அங்கே வாசிப்பவருக்கு இரண்டு கையும் காலியாக இருந்தாக வேண்டும்.