அந்த உப்பைக் கொட்டாதீங்கம்மா

குடியாத்தத்திலிருந்து போன வாரம் ஒரு அம்மா வந்தார். தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் கேப்சூல் விழுங்கி மூன்று மாதம் ஆகிறது. "வீட்ல இருந்த தூள் உப்ப அன்னிக்கே சாக்கடைல கொட்டிட்டேன் மேடம். அந்த அயோடின இன்னாத்துக்கு வெச்சினு இருக்கணும்? இப்ப எல்லாருக்கும் அயோடின் போடாத கல் உப்புதான்" என்றார், பெருமையாக. பக்கத்தில் ஆறு மாத வயிற்றோடு மருமகள். இந்த வருடம் இது எத்தனையாவது உப்புக் கதை என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

தப்பில் பாதி எங்களுடையது. கேப்சூலுக்கு முன் ஒன்றிரண்டு வாரம் அயோடின் உப்பு வேண்டாம் என்கிறோம், ஏன் என்று சொல்வதில்லை. சாதா அயோடினில் வயிறு நிறைந்த தைராய்டு நாங்கள் கொடுப்பதைத் தொடாது. காரணம் அவ்வளவுதான்.

அணுக்கருவில் 53 புரோட்டான் இருந்தால் அது அயோடின். ஒன்று கூடினால் செனான், ஒன்று குறைந்தால் டெலூரியம். நியூட்ரான் கூடினாலும் குறைந்தாலும் பெயர் மாறாது. உப்பில் இருப்பதில் 74 நியூட்ரான், அயோடின்-127. கேப்சூலில் 78, அயோடின்-131. ஐசோடோப்பு என்பது இதுதான். இரண்டுக்கும் வெளியே அதே 53 எலக்ட்ரான் என்பதால் தைராய்டுக்கு ஆள் வித்தியாசம் தெரியாது, இரண்டையும் இழுத்துக்கொள்ளும். எங்கள் சிகிச்சையே அந்த ஏமாளித்தனத்தை நம்பித்தான் நடக்கிறது.

ஆனால் 127 நிலையானது. உங்கள் பாட்டி தின்ற மீனிலும் அதுதான் இருந்தது. எத்தனை பாக்கெட் உப்பு தீர்ந்தாலும் கதிர் வீசாது. 131-க்குத்தான் நிலைகொள்ளாது. அதன் நியூட்ரான் ஒன்று புரோட்டானாக மாறி, பீட்டா துகள் என்ற வேகமான எலக்ட்ரான் கதிராக வெளியேறும். 54 ஆனபின் அது அயோடினே இல்லை, செனான் வாயு. 8 நாளில் பாதி தீரும், 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. கேப்சூல் விழுங்கிய அம்மாவிடமே இன்று ஒன்றும் இல்லை. உப்பு என்ன பாவம் செய்தது?

ஆம்பூர்க்காரர் ஒருவர் போர்வையை வெந்நீரில் கொதிக்கவைத்துக் 'கதிரை எடுத்துட்டேன்' என்றார். அடுப்பு நெருப்பு அணுக்கருவை எட்டாது ஐயா. துவைத்தால் ஒட்டியிருப்பது தண்ணீரோடு போகும், மீதியை நாள்தான் தீர்க்கும்.

பயப்பட வேண்டிய இடத்தில் யாரும் பயப்படுவதில்லை. கேப்சூல் விழுங்கியபின் சீட்டில் எழுதிய நாள்வரை தனியாகப் படுங்கள். பேரனை மடியில் வைக்காதீர்கள், கர்ப்பிணி பக்கத்தில் உட்காராதீர்கள். காட்பாடியில் கூட்ட ரயிலில் இடித்துக்கொண்டு ஏற வேண்டாம். கழிவறையில் இரண்டு முறை தண்ணீர் விடுங்கள். கர்ப்பமா, பால் கொடுக்கிறீர்களா என்று நாங்கள் கேட்டால் தயவுசெய்து கோபப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். 131 பிள்ளையின் தைராய்டுக்கும் போய்விடும்.

மருமகளைத் தனியாகக் கூப்பிட்டேன். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும், வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்வது அதை வைத்துத்தான், போகிற வழியிலேயே ஒரு பாக்கெட் வாங்கிக்கொள் என்றேன். அவள் மாமியாரைப் பார்த்தாள். "டாக்டர் சொன்னா சரிதான்" என்றார் அந்த அம்மா. நான் டாக்டர் இல்லை, டெக்னீஷியன். அன்றைக்கு மட்டும் அதைத் திருத்தவில்லை.