எந்த நாட்டில் குதிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு ஒரு காது டாக்டரின் பதில்

விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிக்கும் ஸ்கைடைவிங் போக எந்த நாடு நல்லது என்ற கேள்வி, காது மூக்கு தொண்டை டாக்டரான என்னிடம் ஏன் வருகிறது என்று நினைப்பீர்கள். கேட்பவர்களில் பலர் ஏற்கெனவே ஒரு தடவை குதித்துவிட்டு, காதில் ரத்தம் கட்டி என் எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள். விடுமுறைக் காலம் முடிந்தால் போதும், துபாய், பட்டாயா, நியூசிலாந்து என்று வரிசையாக வருகிறார்கள். போன வாரம் வந்த தம்பியின் அப்பா கேட்ட கேள்விதான் இதை எழுத வைத்தது: “துபாய்க்குப் பதிலா நியூசிலாந்துல குதிச்சிருந்தா இப்படி ஆகியிருக்காதுங்களா டாக்டர்?”

ஆகியிருக்கும். அங்கே 15,000 அடியிலிருந்து குதித்திருந்தால் இன்னும் கொஞ்சம் மோசமாகவே ஆகியிருக்கும்.

அந்தத் தம்பிக்கு ஊரிலிருந்து கிளம்பும்போதே சளி. பணம் கட்டியாகிவிட்டது, கடைசி நேரத்தில் ரத்து செய்தால் திரும்பக் கிடைக்காது என்று குதித்திருக்கிறார். வீடியோவை என்னிடம் காட்டினார். பாராசூட் விரிந்த பிறகு முகத்தில் சிரிப்பு இருக்கிறது, ஆனால் வலது உள்ளங்கை காதைப் பொத்தியபடியே இருக்கிறது. இறங்கியதும் காது முழுக்க அடைப்பு. அன்று இரவு கூட இருந்தவர்கள் தேங்காய் எண்ணெயைச் சூடுபண்ணிக் காதில் விட்டிருக்கிறார்கள். மறுநாள் காலையே அடைத்த காதோடு விமானம் ஏறியிருக்கிறார். கருவியை வைத்துப் பார்த்தால், வெளிர் சாம்பல் நிறத்தில் பளபளவென்று இருக்க வேண்டிய செவிப்பறை கருநீலமாக உப்பியிருந்தது. பின்னால் முழுக்க ரத்தம்.

நாடுகளை ஒப்பிடுகிறவர்கள் எல்லோரும் பாராசூட்டைப் பற்றித்தான் பயப்படுகிறார்கள். அது நியாயமான பயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்க பாராசூட் சங்கத்தின் கணக்கில் 2023-இல் அந்த நாட்டில் நடந்தவை சுமார் 36.5 லட்சம் குதிப்புகள், இறந்தவர்கள் 10 பேர். தனியாகக் குதிக்கும் அனுபவசாலிகளையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. பயிற்றுநரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிக்கும் டேண்டமில் மாற்றுப் பாராசூட் உண்டு, குறிப்பிட்ட உயரத்தில் தானாகவே அதை விரிக்கும் கருவியும் உண்டு. பயிற்றுநருக்கு முறையான உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். அது எந்த நாடாக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் காதைப் பற்றி யாராவது கேட்கிறார்களா? இல்லை. குதித்தவர்கள் என்னிடம் வருவதோ காதோடுதான்.

இப்போது எனக்கு எரிச்சலூட்டும் அந்த வாதத்துக்கு வருகிறேன். “விமானத்தில் 35,000 அடி போய் வந்தேன், காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. இது வெறும் 13,000 அடிதானே?” படித்தவர்கள், பொறியாளர்கள்கூட இதைச் சொல்கிறார்கள். தயவுசெய்து ஒரு நிமிடம் கவனியுங்கள். பயணிகள் விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே இருக்கும் நீங்கள் அந்த உயரத்துக் காற்றில் இல்லை. கேபினுக்குள் காற்றை அழுத்தி, அதிகபட்சம் 8,000 அடி மலை மேல் உட்கார்ந்திருக்கும் அளவுக்கு வைத்திருக்கிறார்கள். இறங்கும்போதும் அந்தக் கேபின் அழுத்தம் நிமிடத்துக்கு 300 முதல் 500 அடி என்ற கணக்கில், மெதுவாக, இருபது நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு மாறுகிறது. அப்படி இருந்தும் சளி பிடித்தவர்கள் காதைப் பிடித்துக்கொண்டு இறங்குவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஸ்கைடைவிங் விமானத்தில் அந்த ஏற்பாடு எதுவும் கிடையாது. கதவைத் திறந்து குதிக்கிற விமானத்தில் எப்படி இருக்கும்? 13,000 அடி என்றால் உண்மையான 13,000 அடி. அங்கிருந்து குதித்து, மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்து, ஏறக்குறைய 5,000 அடியில் பாராசூட் விரிகிறது. 8,000 அடி, ஒரே நிமிடத்தில். பயணிகள் விமானத்தைவிடப் பதினைந்து இருபது மடங்கு வேகம். இரண்டையும் ஒன்றாகப் பேசவே கூடாது.

எண்களாகவே சொல்கிறேன். ரத்த அழுத்தம் அளக்கிறோமே, 120, 80 என்று, அதே மில்லிமீட்டர் பாதரச அலகில். கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் 760. 13,000 அடியில் சுமார் 465. ஆக துபாயில் பாம் ஜுமேரா என்ற செயற்கைத் தீவுக்கு மேல் குதித்தால், தரைக்கு வருவதற்குள் உங்கள் காது சமாளிக்க வேண்டிய வித்தியாசம் 295. பட்டாயாவிலும் அதே 13,000 அடி, ஏறக்குறைய அதே 295. நடுக்காதையும் மூக்கின் பின்புறத்தையும் இணைக்கும் குழாய் திறந்து திறந்து மூடினால்தான் இதைச் சமாளிக்க முடியும். காதுக்கு உள்ளேயும் வெளியேயும் உள்ள வித்தியாசம் 90-ஐ நெருங்கிவிட்டால் அந்தக் குழாய் பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு நீங்கள் எத்தனை தடவை எச்சில் விழுங்கினாலும் திறக்காது. குழாய் திறக்காமலே இருந்தால், துபாயில் குதித்த அரை நிமிடத்தில் அந்த 90 வந்துவிடுகிறது. விமானமாக இருந்தால் விமானி கொஞ்சம் மேலே ஏற்றிப் பூட்டைத் திறக்கலாம். குதித்தவரை யார் மேலே ஏற்றுவது?

சரி, நாடுகளை ஒப்பிட்டே தீர வேண்டும் என்கிறவர்களுக்காக ஒப்பிடுகிறேன். நியூசிலாந்தின் குயின்ஸ்டவுன், வானாகா பக்கம் 9,000, 12,000, 15,000 அடி என்று மூன்று உயரங்களில் ஒன்றை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். அங்கே தரையே கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் அடிக்கு மேல். 9,000 அடியிலிருந்து குதித்தால் காதுக்கு வரும் மொத்த வித்தியாசம் சுமார் 210. துபாயைவிட நன்றாகக் குறைவு. 15,000 என்றால் 320. நம் ஆட்கள் இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று 15,000-ஐத்தான் எடுக்கிறார்கள். ஃப்ரான்ஸ் ஜோசஃப் பனியாற்றுப் பக்கம் 20,000 அடியும் உண்டு. அங்கே வித்தியாசம் 400-ஐத் தொடும். ஏறும்போது ஆக்ஸிஜன் கொடுப்பார்கள். அது மூளைக்கும் நுரையீரலுக்கும்தான், காதுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

பலரும் நம்ப மறுக்கும் ஒன்று எவரெஸ்ட் பக்கம் நடப்பது. நேபாளத்தில் சியாங்போச்சே என்ற இடத்துக்கு மேல், 23,000 அடி உயரத்திலிருந்து குதிக்கிறார்கள். பேரைக் கேட்டாலே நடுங்குகிறோம். ஆனால் இறங்கும் இடமே 12,400 அடி உயரத்தில் இருக்கிறது. காதுக்கு வரும் வித்தியாசம் 170-க்குப் பக்கம்தான். காது என்ற ஒரே கணக்கில் துபாய் கடற்கரையைவிட எவரெஸ்ட் சாது. அதற்காக அங்கே போங்கள் என்று சொல்லவில்லை. மலைநோய், கடுங்குளிர், ஆக்ஸிஜன் குறைவு என்று அங்கே வேறு ஆபத்துகள் இருக்கின்றன, அவை காது வலியைவிடப் பெரியவை. எத்தனை அடியிலிருந்து குதித்தேன் என்ற பெருமையைக் காது கணக்கில் எடுத்துக்கொள்ளாது என்பதற்காகச் சொல்கிறேன். எங்கிருந்து எங்கே, எவ்வளவு வேகத்தில் என்பதுதான் அதற்கு முக்கியம்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. சிங்கப்பூரிலும் துபாயிலும் கட்டடத்துக்குள் காற்றுக் குழாயில் மிதக்க வைக்கிறார்களே, “அதில் ஒன்றும் ஆகவில்லை, இதிலும் ஆகாது” என்று ஒருவர் வாதம் செய்தார். அங்கே உயரமே மாறுவதில்லை. இரைச்சல் மட்டும்தான் பிரச்சினை, அதற்குக் காதடைப்பான் தருவார்கள். நிஜமாகவே அந்தரத்தில் மிதக்கும் ஆசை மட்டும் இருந்து, சைனஸ் தொல்லையும் இருக்கிறவர்கள் தாராளமாக அங்கே போகலாம்.

நாட்டுக்கு நாடு உண்மையில் மாறுவது உங்களிடம் கேட்கப்படும் கேள்விகள். பிரிட்டனில் உடல்நிலைப் படிவத்தில் குறிப்பிட்ட சில நோய்களுக்கு ‘ஆம்’ என்று எழுதினால் டாக்டர் கையெழுத்து இல்லாமல் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். துபாயில் எடையோடு, உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பி.எம்.ஐ.யும் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் பக்கம் பக்கமாக ஒப்புதல் பத்திரம் வரும், அடிபட்டால் வழக்குப் போட மாட்டேன் என்று ஒவ்வொரு பக்கத்திலும் எழுதிக் கொடுப்பீர்கள். நியூசிலாந்தில் விபத்துக் காயம் ஏற்பட்டால் அரசின் ஏ.சி.சி. என்ற விபத்து இழப்பீட்டுத் திட்டம் சுற்றுலாப் பயணிக்கும் சிகிச்சைச் செலவில் உதவும். ஊர் திரும்பும் செலவுக்கு அது பொறுப்பல்ல. நீங்கள் இங்கே வாங்கிப்போகும் பயணக் காப்பீட்டில் சாகச விளையாட்டுகள் விலக்கப்பட்டிருக்கிறதா என்று வாங்கும்போதே படியுங்கள். பெரும்பாலும் விலக்கித்தான் வைத்திருப்பார்கள்.

ஆனால் எந்த நாட்டிலும் பயிற்றுநர் உங்கள் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்க்கப் போவதில்லை. சளி இருக்கிறதா என்று கேட்பார். நீங்கள் இல்லை என்பீர்கள். அத்தோடு முடிந்தது. அந்த இடத்தில் பொய் சொல்லாதீர்கள். படிவத்தில் காது, சைனஸ் என்று வரும் கட்டத்தைப் படிக்காமலே ‘இல்லை’ என்று டிக் அடிக்காதீர்கள். செவிப்பறை ஆபரேஷன், நடுக்காது எலும்பு ஆபரேஷன் செய்தவர்கள் உங்களுக்கு ஆபரேஷன் செய்த டாக்டரைக் கேட்காமல் பணமே கட்டாதீர்கள். இதில் பேரம் கிடையாது.

குதிக்கும் நாளன்று காலையில் ஒரு சோதனை. மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவாக, மிக மெதுவாக ஊதிப் பாருங்கள். இரண்டு காதிலும் ‘டப்’ என்று திறக்கும் ஓசை கேட்க வேண்டும். ஒரு காதில் கேட்கவில்லை என்றாலும் அன்றைக்குக் குதிக்க வேண்டாம். பலம்கொண்ட மட்டும் ஊதித் திறக்க வைக்கலாம் என்று முயலாதீர்கள், உள்காதின் சவ்வு கிழிந்த நோயாளியைப் பார்த்த எந்த டாக்டரும் அதை அனுமதிக்க மாட்டார். லேசான அடைப்பு மட்டும் இருந்தால் மூக்கில் விடும் ஆக்ஸிமெட்டாசோலின் சொட்டு மருந்தை அரை மணி நேரம் முன்பு போட்டுக்கொள்ளலாம். நல்ல சளிக்கு அது போதாது. மருந்தின் வேகத்தில் குதித்து, பாதியில் மூக்கு மறுபடி அடைத்துக்கொண்டால் நிலைமை இன்னும் கெடும். அப்புறம், துபாய் போகிறவர்கள் கோடீன் கலந்த இருமல் சிரப்பைப் பையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். அது அங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்து.

விழும்போது தாடையை அசைத்து எச்சில் விழுங்கிக்கொண்டே இருங்கள். பாராசூட் விரிந்ததும் முதல் வேலையாக மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதுங்கள், வலி வரும்வரை காத்திருக்காதீர்கள். செல்ஃபி அப்புறம். காது வலித்தால் பயிற்றுநரிடம் சொல்லுங்கள், வேகமாகச் சுழற்றி இறக்காமல் நிதானமாக இறக்குவார். சுழற்றுவது வேடிக்கையாகத்தான் இருக்கும், உயரமும் அதே வேகத்தில் குறையும்.

காற்றுச் சிலிண்டரோடு கடலில் மூழ்கும் ஸ்கூபா டைவிங் பற்றி உரக்கவே சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் கெய்ன்ஸ் போகிறவர்கள் முதல் நாள் பவளப்பாறைத் திட்டில் ஸ்கூபா, மறுநாள் காலை ஸ்கைடைவிங் என்று திட்டம் போட்டு வருகிறார்கள். பட்டாயாவிலும் அப்படியே. ஸ்கூபாவுக்குப் பிறகு அழுத்தம் ஏற்றிய பயணிகள் விமானத்தில் பறப்பதற்கே, ஒரு முறை மூழ்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பல முறை மூழ்கியிருந்தால் 18 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறது மூழ்குபவர்களின் பாதுகாப்புக்கான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பு. ஸ்கைடைவிங் விமானத்தில் அழுத்தமே ஏற்றுவதில்லை. ஒரு முழு நாள், 24 மணி நேரம், இடைவெளி விடுங்கள். இது காது விஷயம் இல்லை. ரத்தத்தில் நைட்ரஜன் குமிழ் கட்டினால் மூட்டு வலியில் தொடங்கிக் கை கால் மரத்துப்போவது வரை போகும். முதலில் ஸ்கைடைவிங், பிறகு ஸ்கூபா என்று வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள், பிரச்சினையே இல்லை.

அப்படியும் காது அடைத்துக்கொண்டால் எண்ணெய் விடாதீர்கள். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், பூண்டு தட்டிப்போட்ட எண்ணெய் எதுவும் வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது நேரே நடுக்காதுக்குள் போய்ச் சீழ் வைக்கும். ஓட்டை பெரும்பாலும் ஓரிரு மாதத்தில் தானாக மூடிக்கொள்ளும். தேங்கிய ரத்தமும் சில வாரத்தில் வடிந்துவிடும். நீங்கள் செய்ய வேண்டியது காதுக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்வதுதான். முடிந்தால் திரும்பும் விமானத்தைத் தள்ளிப்போடுங்கள், முடியாவிட்டால் ஏறுவதற்கு முன் அந்த ஊரிலேயே ஒரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

எப்போது அவசரம் என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகிப் பாருங்கள். அடைத்த காதில் ஓசை பலமாகக் கேட்டால் பெரும்பாலும் நடுக்காது அடைப்புதான், ஓரிரு நாள் தாமதமானாலும் கெட்டுவிடாது. நல்ல காதில்தான் பலமாகக் கேட்கிறது என்றாலோ, தலை சுற்றினாலோ, ஒரு காதில் விடாமல் ரீங்காரம் கேட்டாலோ உள்காது அடிபட்டிருக்கலாம். அதற்கு ஸ்டீராய்டு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. ஊருக்கு வந்து என்னிடம் காட்டலாம் என்று காத்திருக்காதீர்கள். எந்த நாட்டில் இருக்கிறீர்களோ, அங்கேயே அன்றைக்கே காட்டுங்கள்.